கடலுக்கு 350 கிலோமீட்டர்: படகை வரையும் முன் போட வேண்டிய கணக்குகள்

அத்தியாயம் 3

பாய்ப்படகு கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் வரைவது அதன் பக்கவாட்டுத் தோற்றத்தைத்தான். முன்முனையான அணியம் எவ்வளவு எழ வேண்டும், மேல்தளம் எங்கே வளைய வேண்டும், பாய்மரம் எங்கே நிற்க வேண்டும் என்று மாதக்கணக்கில் தாள்கள் நிறையும். வரையட்டும். அந்த ஆசை இல்லாமல் சில வருட வேலையை யாராலும் முடிக்க முடியாது. ஆனால் குடும்பத்தோடு கடல் தாண்டப்போகும் படகின் வடிவத்தைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: நீங்கள் ஏற்றப்போகும் எடை, படகு பிறக்கும் இடத்திலிருந்து கடல்வரை உள்ள சாலை. நாம் கட்டப்போகும் பெங்களூரிலிருந்து சென்னையும் மங்களூரும் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். கொச்சிக்காரருக்கோ மும்பைக்காரருக்கோ இல்லாத இந்தத் தூரம் உங்கள் வரைபடத்தின் ஒவ்வொரு கோட்டையும் தொடும்.

முழுப் படகையும் நீங்களே கற்பனை செய்யவும் வேண்டாம். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற வணிகக் கப்பல் அதிகாரி 1960களில் பம்பாயில் கட்டிய ‘சுஹைலி’யைப் பாருங்கள். 32 அடி நீளம், முழுக்கத் தேக்கு, கட்டியவர்கள் வாச்சியும் வில் துளைப்பானும் பிடித்த உள்ளூர்த் தச்சர்கள். 1964 டிசம்பரில் அணியத்தில் தேங்காய் உடைத்து நீரில் இறக்கினார்கள். 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து புறப்பட்டு, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22 அன்று அங்கேயே திரும்பினார். 312 நாள். அந்தப் படகின் உடல் அவர் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்க வடிவமைப்பாளர் வில்லியம் ஆட்கின் வரைந்த ‘எரிக்’ என்ற பழைய வடிவம் அது. அதற்கும் மூலம், நார்வே கடலுக்காகக் காலின் ஆர்ச்சர் வடித்த மீட்புப் படகுகள். சுஹைலி வேகமான படகல்ல. ஏற்றியதைச் சுமந்துகொண்டு நேராக நிற்கும் படகு. கடலில் சோதிக்கப்பட்ட ஒரு வரைபடத்தை விலைகொடுத்து வாங்குங்கள், அது உங்கள் எடைக்கும் உங்கள் சாலைக்கும் பொருந்துகிறதா என்று நீங்களே கணக்குப் போடுங்கள் என்பதுதான் இந்த நூல் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது. வாங்கிய வரைபடத்தில், படகின் அடியில் இறங்கும் ஏராவையோ பாய்மரத்தையோ மாற்ற நினைத்தால் ஒரு கப்பல் வடிவமைப்புப் பொறியாளரிடம் காட்டாமல் மாற்றாதீர்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறையிலும் கொச்சிப் பல்கலைக்கழகத்திலும் படித்து வெளிவந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

எடைப் பட்டியல்

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நிற்காமல் 30 நாள் போகும் கடற்பயணம். இதை வைத்துத் தொடங்குவோம்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்றால் 480 லிட்டர். காற்று படுத்துவிட்டால் பயணம் நீளும். ஆகவே 600 லிட்டர், அதாவது 600 கிலோ. நான்கு பேரின் எடை 260. அரிசி, பருப்பு, மாவு, எண்ணெய், டப்பா உணவு எல்லாம் சேர்த்து 300. டீசல் 200 லிட்டர், அது 170 கிலோ. 10 மில்லிமீட்டர் நங்கூரச் சங்கிலி மீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ, 60 மீட்டர் சங்கிலியும் இரண்டு நங்கூரங்களும் சேர்ந்தால் 180. உயிர்காப்புத் தெப்பம், சிறு படகு, அதன் மோட்டார் 120. கருவிகளும் மாற்று உதிரிகளும் 100. துணி, பாத்திரம், பாடப்புத்தகம் 150. கூட்டினால் 1,880 கிலோ வருகிறது. 1.9 டன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த எண்தான் படகின் அளவைச் சொல்கிறது. மொத்த எடையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏறினால் படகு தன் குணத்தை இழக்கும் என்பது என் அளவுகோல். அப்படியானால் நமக்கு வேண்டியது சுமார் 7.6 டன் படகு. அடியில் 2.7 டன் ஈயம், உடலும் மேல்தளமும் 2 டன், பாய்மரம், எஞ்சின், உள்வேலை 1 டன், மிச்சம் 1.9 டன் உங்கள் சுமை. நீர்க்கோட்டு நீளம் 9.1 மீட்டர், மொத்த நீளம் 10.4, அகலம் 3.2 என்று வைத்தால் இந்த எடை சரியாக உட்காரும். பிரிட்டிஷ் அளவில் 30 அடி நீர்க்கோடு, 34 அடி படகு.

நீர்க்கோட்டு மட்டத்தில் அந்தப் படகின் பரப்பு சுமார் 16.5 சதுர மீட்டர் வரும். கடல்நீரில் அது 1 சென்டிமீட்டர் அமிழ ஏறத்தாழ 170 கிலோ தேவை. ஆகவே வெறும் படகுக்கும் முழுச் சுமைப் படகுக்கும் இடையே 11 சென்டிமீட்டர் வித்தியாசம். வரைபடம் முழுச் சுமையில் போட்டதா, வெறும் படகுக்குப் போட்டதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். விற்பனைப் பக்கங்களில் பெரும்பாலும் அழகான எண் எதுவோ அதைத்தான் அச்சடிக்கிறார்கள்.

வேகத்துக்கு ஒரு சூத்திரம் போதும். நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் உச்ச வேகம் கிடைக்கும். 30 அடிக்கு 7.3 நாட். குடும்பப் படகு இரவு பகலாகச் சராசரி 5 நாட்டில் போகும், நாளுக்கு 120 கடல் மைல். கொச்சியிலிருந்து கவரத்தி 404 கிலோமீட்டர், அதாவது 218 கடல் மைல். இரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவு. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் 1,190 கிலோமீட்டர், ஐந்தரை நாள். பாய்ப் பரப்பு 60 சதுர மீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் இந்த 7.6 டன்னை இழுக்கப் போதும். அதற்கு மேல் போனால் நள்ளிரவில் அம்மா ஒருவர் மட்டும் விழித்திருக்கும்போது பாயைச் சுருக்க முடியாது. குடும்பப் படகில் பாயின் அளவை நிர்ணயிக்க வேண்டியது குழுவில் பலம் குறைந்தவரின் கை.

மனை, தெரு, நெடுஞ்சாலை

பெங்களூரின் வழக்கமான மனை 30க்கு 40 அடி. 34 அடிப் படகு அதில் நீளவாக்கில் அடங்கும், இரு முனையிலும் மூன்று அடி மிஞ்சும். பிரச்சினை வெளியே எடுக்கும் நாளில் வரும். குறுகலான தெரு, தலைக்கு மேல் மின்கம்பி, குறுக்கே கிளைவிட்ட மரம், கிரேன் நிற்க இடமின்மை. ஆகவே வீட்டு மனையில் வரைதல், மாதிரி செய்தல், சிறு உறுப்புகள் மட்டும் வைத்துக்கொண்டு, உடலைக் கட்ட ஊர் எல்லையில் கொட்டகை வாடகைக்கு எடுங்கள். என் தேர்வு பொம்மசந்திரா, அத்திபெலே, ஓசூர் பக்கம். அங்கிருந்து கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னைக்கு அகலமான சாலை. நெலமங்கலா பக்கம் கொட்டகை கிடைத்தால் மங்களூர்தான் கடல் என்று தோன்றும். ஆனால் நடுவில் சிராடி மலைப்பாதை இருக்கிறது. வளைவுகள் ஒரு பக்கம், மழைக்காலத்தில் மண்சரிந்து சாலை மூடப்படுவது இன்னொரு பக்கம். நீண்ட டிரெய்லரை அங்கே அனுப்பும் முன் ஓட்டுநரை ஒருமுறை காரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இந்தியச் சாலை விதிப்படி வண்டியின் அதிகபட்ச அகலம் 2.6 மீட்டர். நம் படகு 3.2. எனவே அளவு மீறிய சரக்குக்கான அனுமதி வேண்டும். அகலத்தையாவது அனுமதி வாங்கிக் கடத்திவிடலாம், உயரத்தைக் குறைக்க வரைபடத்தால்தான் முடியும். தாழ்தள டிரெய்லரின் தளம் ஏறத்தாழ 1 மீட்டர். அதன்மேல் ஏரா இல்லாத உடல், அறையின் கூரையோடு 2.3 மீட்டர். மொத்தம் 3.3. இதோடு ஏராவும் சேர்ந்தால் நான்கரை மீட்டரை நெருங்கிவிடும், வழியில் ஒவ்வொரு கம்பியையும் கண்டு நிற்க வேண்டிவரும். ஆகவே பெங்களூரில் பிறக்கும் படகுக்கு ஏரா போல்ட்டால் பூட்டுவதாகவே இருக்கட்டும். ஈயம் தனி லாரியில் போகட்டும், கடற்கரையில் கிரேனில் உடலைத் தூக்கி அதன்மேல் இறக்குங்கள். 2.7 டன் ஈயம் 0.24 கன மீட்டருக்குள் அடங்கிவிடும். வார்ப்பிரும்பானால் 0.38 கன மீட்டர், விலை குறைவு, துரு அதிகம். ஈயத்தை வீட்டில் உருக்காதீர்கள். அதன் புகை குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வார்ப்படப் பட்டறையில் கொடுத்துச் செய்யுங்கள்.

ஏராவின் ஆழத்துக்கு 1.6 மீட்டர் சொல்வேன். லட்சத்தீவின் பவளக் காயல்களுக்குள் நுழைய ஆசைப்படுகிறவர் இன்னும் குறைக்கப் பார்ப்பார். எதிர்க்காற்றில் ஏற முடியாமல் போகும் அளவுக்குக் குறைக்கக் கூடாது. காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.

ஒற்றை உடலா, இரட்டை உடலா

சாலைக் கணக்கை மட்டும் பார்த்தால் இரட்டை உடல் படகுதான் வெல்லும். ஆங்கிலேயர் ஜேம்ஸ் வாரம் வரைந்த பிளைவுட் கேட்டமரான்களில் இரு உடல்களையும் குறுக்கு விட்டங்களையும் கயிற்றால் கட்டிப் பிணைக்கிறார்கள். ஒவ்வொரு உடலும் ஒடுக்கமானது, 2.6 மீட்டருக்குள் அடங்கும். கொட்டகையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, கடற்கரையில் இணைக்கலாம். ஈயமும் வேண்டாம். வீட்டில் கட்டுகிறவர்களுக்காகவே பிறந்த வடிவம் இது, நான் மிகவும் மதிக்கும் வடிவமும்கூட.

ஆனாலும் குடும்பத்தோடு நெடுங்கடல் போகிறவருக்கு நான் ஒற்றை உடலையே பரிந்துரைப்பேன். முதல் காரணம் அந்த 1.9 டன். ஒடுங்கிய இரட்டை உடல் படகுகள் சுமையை விரும்புவதில்லை. இரண்டாவது காரணம் நம் காற்று. ஜனவரி முதல் மார்ச் வரைதான் இரு கடலிலும் குடும்பம் போகத்தக்க பருவம். மே கடைசியிலிருந்து கச்சான் காற்று அரபிக்கடலை மூடிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடல் புயல்களுக்கு உரியது. அந்த நல்ல மாதங்களில் வீசுவது வாடை. கொச்சியிலிருந்து கவரத்திக்குப் போகும்போது அது முதுகுப்பக்கமாக வந்து தள்ளும், சுகமான பயணம். திரும்பி வரும்போது இடது முன்பக்கத்தில் அறையும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கோ போகும்போதே அப்படித்தான். ஏறத்தாழக் கிழக்கே போகும் பாதைக்கு வடகிழக்குக் காற்று 50 பாகை கோணத்தில் எதிர்வரும். அந்தக் கோணத்தில் பக்கவாட்டில் நழுவாமல் ஏற, ஆழமான ஏரா வேண்டும்.

மூன்றாவது, கவிழ்ந்தால் நிமிர்வது; அது இரட்டை உடலால் ஆகாது. 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயப் புயலில் பல படகுகள் புரண்டு, 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். அதன்பிறகுதான் வடிவமைப்பாளர்கள் நிலைத்தன்மைக் கோணத்தைப் பற்றிக் கடுமையாகப் பேசத் தொடங்கினார்கள். ஒற்றை உடல் படகு எத்தனை பாகைவரை சாய்ந்தால் திரும்பி நிமிரும் என்ற எண்ணை வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். 120 பாகைக்குக் கீழே என்றால் அந்த வரைபடம் வேண்டாம்.

நம் காலத்தின் சான்றும் இருக்கிறது. தனியாக உலகைச் சுற்றும் 2018 கோல்டன் குளோப் பந்தயத்துக்காக, சுஹைலியின் வடிவத்தில் கோவாவில் மரத்தால் கட்டப்பட்ட ‘துரியா’வை ஓட்டிப் போனார் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. அந்த செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் படகு புரண்டது, பாய்மரம் முறிந்தது, அவர் முதுகில் கடுமையாக அடிபட்டார். மூன்று நாள் கழித்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்கும்வரை அவரைக் காத்தது அந்தப் படகின் உடல்தான். வரைபவர் இதிலிருந்து எடுக்க வேண்டியது: படகு நிமிர்ந்துவிடும், உள்ளே இருக்கும் மனிதர் வீசியெறியப்படுவார். ஆகவே ஒவ்வொரு படுக்கைக்கும் கித்தான் தடுப்பு, ஒவ்வொரு அறைக்கும் கைப்பிடி, தரைப்பலகைக்கும் பேட்டரிக்கும் பூட்டு. இவை கட்டி முடித்தபின் சேர்ப்பவை அல்ல, வரைபடத்திலேயே வர வேண்டியவை.

மரம்

இந்த விஷயத்தில் பெங்களூர் கொடுத்துவைத்த ஊர். சித்தய்யா ரோடும் மைசூர் ரோடு மரக்கடைகளும் இருக்கின்றன. மல்லேசுவரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மரத்தை இனங்காணவும், கடலில் மரத்தைத் துளைக்கும் புழுக்களைப் பற்றி அறியவும் அதைவிட நல்ல இடம் தெற்கே இல்லை. அதற்கு விசாகப்பட்டினத்தில் கடல்சார் ஆய்வு மையம் ஒன்றும் இருந்தது. தும்கூர் சாலையிலிருந்த பிளைவுட் ஆராய்ச்சி நிறுவனமும் இப்போது மல்லேசுவரம் நிறுவனத்தோடு சேர்ந்திருக்கிறது.

பலகையும் வங்கு எனப்படும் விலாச்சட்டமும் வைத்து, இடுக்குகளில் கலப்பத்து அடித்துக் கட்டும் மரபு நம் கரையில் வலுவானது. இலங்கை வல்வெட்டித்துறையின் ஓடாவிகள் எனப்படும் படகுத் தச்சர்கள் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் வாங்க, அவ்வூர் மாலுமிகள் அதை அட்லாண்டிக் கடந்து 1938இல் மாசச்சூசெட்ஸின் குளோஸ்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த அறிவின்மீது எனக்கு இருக்கும் மரியாதை பெரியது. கடலூரிலோ தூத்துக்குடியிலோ ஓர் ஓடாவி அண்ணாச்சி கிடைத்தால் அவர் பக்கத்தில் ஒரு வாரம் உட்காருங்கள், மரத்தின் ஓட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று எந்தப் புத்தகமும் அவரைப்போலச் சொல்லித்தராது. ஆனால் பெங்களூரில் அந்த முறையில் கட்டாதீர்கள். இங்கே மார்ச் மாதத்து வறண்ட காற்றில் பலகை காய்ந்து சுருங்கும். லாரியில் வெயிலில் இன்னும் சுருங்கும். கடலில் இறங்கியதும் ஊதும். பொருத்துகள் இத்தனை அசைவைத் தாங்கா.

இந்த ஊருக்கு ஏற்றது பிளைவுட்டும் எபாக்ஸியும், மேலே கண்ணாடி இழைப் போர்வையும். பிளைவுட் ஈரத்தில் ஊதுவது மிகக் குறைவு, எபாக்ஸி அதையும் அடைத்துவிடும், கண்ணாடி இழை புழுவைத் தடுக்கும். வெயிலும் குளிரும் மட்டாக இருக்கும் பெங்களூரில் எபாக்ஸி பொறுமையாக இறுகும். சென்னை மே மாதத்தில் அதே கலவை கிண்ணத்திலேயே கொதித்துக் கல்லாகும். கோவாவில் 2009இல் பிறந்து, கடற்படையின் திலீப் தோண்டேயையும் அபிலாஷ் டோமியையும் உலகம் சுற்றிக் காட்டிய 56 அடி ‘மாதெய்’யும் மரத்தையும் எபாக்ஸியையும் கண்ணாடி இழையையும் சேர்த்துக் கட்டியதுதான்.

கடையில் ‘மரைன்’ என்று முத்திரை குத்திய எல்லாம் கடலுக்கு ஆகாது. ஐ.எஸ். 710 என்ற எண்ணும் பி.ஐ.எஸ். உரிம எண்ணும் தாளில் இருக்க வேண்டும். அந்தத் தரத்தின் சோதனை 72 மணி நேரம் கொதிநீரில் வைப்பது. ஒரு துண்டை வாங்கி வீட்டிலேயே மூன்று நாள் கொதிக்கவைத்துப் பாருங்கள், அடுக்கு பிரியக் கூடாது. பிறகு இன்னொரு தாளை நாலாக அறுத்து உள்ளே பார்வையிடுங்கள். சமையலறை அலமாரிக்குச் செய்த தாளில் நடு அடுக்குகளுக்கிடையே வெற்றிடம் தெரியும். அந்த வெற்றிடத்தில்தான் நீர் தங்கி அழுகல் தொடங்கும்.

எடையையும் மறக்காதீர்கள். இங்கே எளிதில் கிடைப்பது குர்ஜன். 12 மில்லிமீட்டர் தடிமனில் 8க்கு 4 அடித் தாள் 26 கிலோ இருக்கும். இறக்குமதி ஒகூமே என்றால் 18 கிலோ. 50 தாள் போனால் 400 கிலோ வித்தியாசம். அது ஒரு குடும்பத்தின் பயணத் தண்ணீரில் பெரும்பகுதி. என் யோசனை: நீருக்குக் கீழே குர்ஜன், மேல்தளத்துக்கும் அறைக்கும் ஒகூமே. கனம் கீழேயும் லேசு மேலேயும் இருப்பது நிலைத்தன்மைக்கும் நல்லது. தாள்களை நீளவாக்கில் இணைக்கும் சாய்வெட்டு தடிமனைப்போல் 8 மடங்கு, 12 மில்லிமீட்டருக்கு 96.

முதுகெலும்புக்கும் அணியக் கட்டைக்கும் தேக்கு அல்லது அயினி. தேக்கில் எண்ணெய் உண்டு, ஒட்டும் முன் அசிட்டோனில் துடையுங்கள். குடகுக் காப்பித் தோட்டங்களிலிருந்து வரும் சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கிறதே என்று மயங்க வேண்டாம். ஈரத்தில் சீக்கிரம் மக்கும். உள் அலமாரிக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வாழ்வது

தண்ணீர்த் தொட்டியை ஒன்றாக வைக்காதீர்கள். நாக்ஸ்-ஜான்ஸ்டனின் தொட்டி நீர் பயணத்தின் நடுவில் கெட்டுப்போய், மழைநீரையும் தனியாக வைத்திருந்த நீரையும் நம்ப வேண்டியிருந்தது. 600 லிட்டரை நான்காகப் பிரித்து, படகின் நடுவில், தாழ்வாக, தனித்தனி வால்வோடு வையுங்கள். படுக்கைகளும் நடுவிலேயே. அணியத்தில் போடும் அழகான முக்கோணப் படுக்கையில் நங்கூரமிட்டிருக்கும்போதுதான் தூங்க முடியும். கடலில் அங்கே படுத்தவர் வாந்தியெடுப்பார்.

நம் சமையல் கொதிக்கும் சமையல். சோறு வடிப்பதும் சாம்பார் கொதிப்பதும் ஆடும் தரையில் ஆபத்து. அடுப்பு இருபக்கமும் ஊசலாடும் சட்டத்தில் இருக்க வேண்டும். சமைப்பவரை இடுப்பில் பிடித்துக்கொள்ளும் பட்டை வேண்டும். சட்டியைவிடப் பூட்டிய குக்கர் நல்லது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் தேங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். சிலிண்டர் பெட்டியை மேல்தளத்தில், அடித்துளை வெளியே போகுமாறு வரையுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி இந்த ஊர் வாசகர்களே எனக்குச் சொல்லித்தருவார்கள் என்பதால் இங்கே விரிக்கவில்லை. இரண்டு விஷயம் மட்டும். இந்தியக் கடலில் துரையா, இரிடியம் சாட்டிலைட் போன்களுக்குத் தடை உண்டு, வாங்கிவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். 406 மெகாஹெர்ட்ஸ் அபாய அறிவிப்புக் கருவிக்கு மேல்தளத்தில் கைக்கெட்டும் இடம் ஒதுக்குங்கள். அந்தக் கருவிகளின் அழைப்பை இந்தியாவில் பெறும் மையம் பெங்களூரிலேயே, இஸ்ரோவின் இஸ்ட்ராக்கில் இயங்குகிறது. உங்கள் கருவியைப் படகின் பெயரோடும் வீட்டுத் தொலைபேசி எண்ணோடும் அங்கே பதிவு செய்ய வேண்டும். பதியாத கருவி அழைத்தால், யாரைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் தேடுவார்கள்.

வரைபடத்துக்குப் பணம் கட்டும் முன் பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்யுங்கள். 1.04 மீட்டர் நீளம். எடை மூன்று திசையிலும் சுருங்குவதால் 7.6 டன் 7.6 கிலோவாகும். கூழாங்கல்லையும் ஈயத் துண்டையும் உங்கள் பட்டியலின்படி உள்ளே அடுக்கி, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிடுங்கள். வரைந்த நீர்க்கோட்டில் நிற்கிறதா, அணியம் தாழ்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். அதோடு 8 அடிச் சிறு படகு ஒன்றைப் பிளைவுட்டில் கட்டி முடியுங்கள். சாய்வெட்டும் எபாக்ஸியும் அதில் பழகிவிடும், பின்னால் பெரிய படகுக்கு அதுவே துணைப்படகு. சென்னையில் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. குடும்பத்தில் எல்லாரும், முக்கியமாகப் பிள்ளைகள், பாய் ஓட்டிப் பழகிய பிறகே பெரிய படகின் முதல் தாளை அறுங்கள். அடுத்த அத்தியாயம் ஏரா வரைவது. உங்கள் எடைப் பட்டியல் கையில் இல்லாமல் அதைத் திறக்க வேண்டாம்.